நெடுந்தீவில் ஒரு தைப்பொங்கல்

நெடுந்தீவுக்குச் செல்ல விரும்புவோர் முதலிற் கடலோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும். தை மாதத்தில் வாடைக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. குறிகட்டுவான் துறையிற் படகு கட்டப்பட்டிருக்கும்போதே அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகள் மூவரும் வாயடைத்துப் போனார்கள். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயுச் சிலிண்டர், கோழிக்கூடு, பொங்கலுக்குக் கொண்டுபோகும் கரும்புக் கட்டு ஆகியவற்றுக்கு இடையில் நாமும் ஏறி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரப் பிரயாணந்தான். ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தெய்வங்களின் பெயர்கள் உச்சரிக்கப்பட்டன என்பதை எண்ணியிருந்தால் ஒரு சிறு அர்ச்சனையே ஆகியிருக்கும்.

2018ஆம் ஆண்டு தைப்பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வெள்ளி இரவு கோட்டையிற் புகையிரதம் ஏறி, விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கினோம். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமே இல்லாதிருந்த காலத்தை அறிந்தவர்களாகையால், அந்த நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் பெரியவர்களாகிய எமக்கு ஒரு நிமிஷம் கால் தயங்குவது வழக்கம். பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் விளங்குவதில்லை. அவர்கள் தேநீர்க் கடையைத் தேடி ஓடிவிட்டார்கள். அங்கிருந்து பஸ்ஸில் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என இருபுறமும் நீரும் நடுவே தெருவுமாகச் செல்லும் அந்த வழியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போது எமக்கு அவகாசமில்லை, ஏனெனில் நாம் உல்லாசத்துக்காகப் போகவில்லை. ஆச்சியை அழைத்து வருவதற்காகப் போனோம்.

எமது தாயாரைப் பெற்ற ஆச்சிக்கு அப்போது வயது எண்பத்து நான்கு. பிள்ளைகள் நால்வர். மூத்தவராகிய எமது தாயார் வெள்ளவத்தையில், ஒரு மகன் ரொறன்ரோவில், மற்றொருவர் லண்டனில். கடைசி மகன் இப்போது இல்லை. முதல் ஆண்டு கார்த்திகை மாதத்து மழையில் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் செய்தி மூன்று நாள் கழிந்தபின்னரே எமக்கு எட்டியது. அதுவும் ஆச்சி சொல்லவில்லை, அயலவர் சொன்னார். அன்றிலிருந்து ரொறன்ரோவும் லண்டனும் வெள்ளவத்தையும் கைத்தொலைபேசியில் ஓயாமல் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தன. வீட்டைப் பூட்டிவிட்டு ஆச்சியைக் கொழும்புக்குக் கொண்டுவருவதே அந்த முடிவு. அதை ஆச்சியிடம் எடுத்துச் சொல்லும் உத்தியோகம் எமக்கு வாய்த்தது. முழங்கால் நோவினாற் படகேற இயலாத எமது தாயார், "நீங்கள் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லமாட்டா" என்று தைரியமூட்டி அனுப்பினார். பெற்ற மகளுக்கே தாயின் குணம் முழுவதும் தெரிந்திருக்கும் என்று நம்புவது தவறு.

மாவிலித்துறையில் இறங்கியதும் முதலிற் கண்ணுக்குத் தெரிவது கல்வேலி. யாழ்ப்பாணத்து வேலி கிடுகாலும் பனையோலையாலும் ஆனது. நெடுந்தீவு வேலியோ முருகைக்கல்லால் ஆனது. சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லின்மேற் கல்லை வைத்து அடுக்கியிருக்கிறார்கள். தோட்டத்துக்கும் வளவுக்கும் ஒழுங்கைக்கும் இதே வேலி. ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் இந்தச் சாம்பல் நிறக் கோடுகள் முடிவில்லாமல் ஓடுகின்றன. கல்லுக்கிடையில் இடுக்கு இருப்பதனாற் காற்று ஊடுருவிப் போகும், வேலி விழாது என்று லான்ட்மாஸ்ரர் ஓட்டிவந்தவர் விளக்கினார். ஆனால் ஆள் இல்லாத வளவுகளில் வேலி விழுந்துதான் கிடந்தது. ஆடு ஏறும்போது ஒரு கல் உருளும், எடுத்து வைக்க ஆள் இருந்தால் வேலி நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த கல்லும் உருளும். அந்த ஒழுங்கையில் எத்தனை வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை வீட்டைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருந்தது.

ஆச்சி படலையடியில் நின்றார். "கடல் அடிச்சதோ?" என்பதே முதற் கேள்வி. பிறகுதான் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணில் வெண்படலம் படர்ந்துவிட்டது, தடவித்தான் அறிய வேண்டும். "பூட்டி, நீங்கள் விழுந்தனீங்களாம்?" என்று சின்னவள் கேட்டதும் எமக்கு நெஞ்சு பதறியது. ஆச்சி சிரித்தார். "நான் விழேல்லை குஞ்சு. நிலம் வழுக்கினது" என்றார்.

பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் நெடுந்தீவைப் பற்றி எழுதும்போது கட்டாயம் சொல்லுகிற சில விஷயங்கள் உண்டு. அவற்றை நாமும் சொல்லிவிடுகிறோம். வைத்தியசாலைக்கு அருகே முருகைக்கல்லால் எழுந்து இப்போது இடிந்து நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை என்று வழங்கும் பழைய கல்லடுக்கு, உள்ளே குடைவாகி ஆட்கள் புகுந்து நிற்கத்தக்க பெருக்கமரம் ஆகியவை அவை. மரம் ஆபிரிக்க தேசத்து இனம். அராபிய வணிகர் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பர். தெற்கே வெளியில் மட்டக்குதிரைகள் கட்டுக்காவலின்றி மேய்கின்றன. அந்நியர் ஆட்சிக் காலங்களிற் பட்டிகளில் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. நோலன் என்ற ஆங்கில அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கே குதிரை வளர்த்த கதையைத் தீவிற் பலரும் சொல்வார்கள். போர்த்துக்கீசர் இதற்குப் 'பசுத்தீவு' என்று பொருள்படப் பெயரிட்டார்கள். ஒல்லாந்தர் தமது நாட்டிலுள்ள டெல்வ்ற் என்ற நகரின் பெயரை வைத்தார்கள். காலைப் படகில் வருகிற உல்லாசப் பிரயாணிகள் இவற்றையெல்லாம் பார்த்து, படம் பிடித்து, மாலைப் படகிலேயே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மீது குறையில்லை. தீவில் இரவு தங்கினால் மட்டுமே தெரிகிற சங்கதிகள் வேறு.

பொங்கலன்று விடியுமுன்பே ஆச்சி முற்றத்தில் நின்றார். அயல்வீட்டுப் பெண் சாணமிட்டு மெழுகிக் கொடுக்க, உலக்கையை நிலத்தில் வைத்து அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவிச் சதுரக் கோலத்தை ஆச்சி தாமே போட்டார். கண் தெரியாதவர் கோடு கோணாமற் போட்டது எப்படி என்று வியந்தோம். உலக்கைக்குக் கண் தேவையில்லை என்றார். மூன்று கல் வைத்து அடுப்பு, புதுப் பானை, கழுத்தில் இஞ்சி இலையும் மஞ்சள் இலையும். தண்ணீருக்குப் பதிலாகப் பாதிக்குமேல் பசுப்பால் வார்த்தார்கள். கொழும்பிற் பெட்டிப்பால் வாங்கிப் பொங்குகிற எமக்கு அது பெரும் ஊதாரித்தனமாகப் பட்டது. பால் எழுந்து கிழக்குப் பக்கமாக வழிந்தது. பையன்கள் சீனவெடி கொளுத்தினார்கள். அரிசியும் வறுத்த பயறும் சர்க்கரையும் முந்திரிகை வற்றலும் கஜுவும் ஏலமும் சேர்ந்து பொங்கல் ஆயிற்று. சூரியனுக்குப் படைத்தாயிற்று. நாம் உண்ண உட்காரலாம் என்று இருந்தோம்.

"இரு. முதல் குடுத்துப்போட்டு வருவம்" என்றார் ஆச்சி.

ஏழு வாழையிலைகளில் ஏழு பங்குகள் எடுக்கப்பட்டன. எட்டு அல்ல, ஆறும் அல்ல. கோல் ஊன்றிக்கொண்டு ஆச்சி முன்னே நடக்க, பிள்ளைகள் பாத்திரங்களைச் சுமந்து பின்னே சென்றார்கள். எல்லா அயலாருக்கும் கொடுப்பதுதானே என்று நாம் முதலில் நினைத்தோம். ஆனால் ஆச்சி இரண்டு வீடுகளைத் தாண்டிப்போய் மூன்றாவது வீட்டுப் படலையில் நின்றார். பிறகு ஒழுங்கை முழுவதையும் கடந்து வேறொரு வீட்டுக்குப் போனார். அது அயல்முறை அல்ல, ஒரு கணக்கு என்பது மெல்ல மெல்லத்தான் எமக்குப் புலப்பட்டது.

முதல் வீடு எமது தாயாரின் பிரசவத்தைப் பார்த்த மருத்துவிச்சியின் மகள் வீடு. இரண்டாவது, கோடையில் தமது கிணறு சவராகிப் போனபோது நல்ல தண்ணீர் தந்த வீடு. இத்தீவில் நல்ல தண்ணீர் எல்லா வளவிலும் ஊறுவதில்லை, ஆகையால் ஒரு குடம் தண்ணீர் இங்கே சிறிய உபகாரம் அல்ல. மூன்றாவது, யுத்த காலத்தில் அரிசியைக் கடனாகக் கொடுத்து, கொப்பியில் எழுதாமல் விட்ட ஒரு கடைக்காரரின் பேரன் வீடு. நான்காவது ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் நத்தாருக்குக் கேக் அனுப்புவார்கள், ஆச்சி தைப்பொங்கலுக்குப் பதில் செய்வார். எப்போது யார் தொடங்கினார்கள் என்று இரு வீட்டாருக்குமே தெரியவில்லை. ஐந்தாவது வீட்டின் காரணத்தை ஆச்சி சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது எனக்கும் அவைக்கும்" என்று மட்டும் கூறினார். ஆறாவது, கார்த்திகையில் ஆச்சியைக் கிணற்றடியிலிருந்து தூக்கிய பெண்ணின் வீடு. காலையில் முற்றம் மெழுகியவளும் அவள்தான். அவள் கைகளைப் பற்றிக்கொண்டு நாம் நன்றி சொன்னோம். அவளோ வெட்கப்பட்டு, "ஆச்சி எங்கடை அம்மாவுக்குச் செய்ததுக்கு இது என்ன?" என்றாள். ஆக, அந்த வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது. அதில் ஆச்சியின் பெயர் மறுபக்கத்தில் எழுதப்பட்டிருந்தது.

ஏழாவது வளவில் வீடே இல்லை. கூரை எப்போதோ போய்விட்டது. இரண்டு சுவர்களும், தூர்ந்த கிணறும், ஒரு பூவரச மரமும் நின்றன. வேலி மட்டும் விழாமல் ஒழுங்காக இருந்தது. விழுந்த கல்லை ஆச்சி ஆள் பிடித்து எடுத்து வைப்பிக்கிறார் என்று பின்னர் அறிந்தோம். ஆச்சி வேலியின்மேல் ஒரு தட்டையான கல்லைத் தடவிப் பார்த்து, அதன்மேல் இலையை விரித்து வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே நின்றார்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22, 23ஆந் தேதிகளில் அடித்த சூறாவளியை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வட இலங்கையைக் கடந்துபோய், அக்கரையில் தனுஷ்கோடியை அழித்து, பிரயாணிகளோடு ஒரு புகைவண்டியையே கடலில் அமிழ்த்திய புயல் அது. அந்த இரவில் ஆச்சியின் ஓலைக்கூரை பறந்தது. அவருக்கு அப்போது வயது முப்பது. எட்டு வயது மகளும் இரண்டு ஆண் குழந்தைகளும். கணவர் யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டார். இந்த ஏழாவது வீட்டுப் பெண், இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு காற்றுக்குள் வந்து, குழந்தைகளை ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்த் தமது கல்வீட்டுக்குள் வைத்தாராம். மூன்று முறை வந்தாராம். கூரை வேயும்வரை, தைப்பொங்கலும் கழியுமட்டும், ஆச்சி குடும்பம் அங்கேதான் இருந்தது. அவ்வாண்டுப் பொங்கலும் ஒரே பானையில் நடந்தது.

"அவையெல்லாம் இப்ப எங்கை, ஆச்சி?" என்று கேட்டோம்.

"பிள்ளையள் எங்கையோ போட்டினம். அவ குமுதினியிலை போனவ" என்றார்.

பெரியவர்கள் நாம் மௌனமானோம். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் நிகழ்ந்த கொலைகளை அறியாதவர் தீவில் இல்லை. பெண்களும் குழந்தைகளும் நடுக்கடலில் வெட்டுண்டு மாண்டார்கள். மாவிலித்துறையில் நினைவுக்கல் இருக்கிறது. முதல்நாள் அதனருகே இறங்கி, எமது மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றோம் என்பது அப்போது ஞாபகம் வந்து எம்மை நாணச் செய்தது.

வெயில் ஏறியது. காகம் வரவில்லை. "வாருங்கோ ஆச்சி, பிறகு வந்து எடுக்கும்" என்றோம். அவர் அசையவில்லை. பசியாற் சின்னவள் சிணுங்கினாள். கால் மணி நேரம், அரை மணி நேரம். கடைசியாகப் பூவரசிலிருந்து ஒன்று இறங்கிக் கல்லில் அமர்ந்தது. கண்ணால் அவருக்கு அது தெரிந்திராது. சிறகடித்த ஓசை கேட்டிருக்கும். "சரி, சாப்பிடப் போவம்" என்று கோலை எடுத்தார்.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, வந்த காரியத்தை எடுத்துரைத்தோம். ரொறன்ரோ மாமாவும் கைத்தொலைபேசித் திரையில் தோன்றி, வைத்தியம், கண் சத்திரசிகிச்சை, மின்தூக்கியுள்ள மாடிவீடு என்று வரிசையாகச் சொன்னார். ஆச்சி முகத்தைத் திரைக்கு மிக அருகிற் கொண்டுபோய், "மெலிஞ்சுபோனாய் மோனை" என்றார். மாமா வேறு ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஆச்சி எம்மிடம் பேசியதை இயன்றமட்டும் அவர் சொற்களிலேயே தருகிறோம்.

"எனக்கு விளங்குது. நான் இஞ்சை விழுந்து கிடந்தால் உங்களுக்கு அங்கை நித்திரை இல்லை. கிழவி பிடிவாதம் எண்டு நினையாதேங்கோ. வயது போறது எனக்குப் பயமில்லை. கண் போகுது, காது போகுது, அது போகட்டும். இப்ப பேருகளும் போகுது. நேற்று மருத்துவிச்சியின்ரை பேர் வரேல்லை, விடியுமட்டும் யோசிச்சன். என்னைப் பெத்தவை, எனக்குத் தந்தவை, தூக்கினவை எல்லாரும் போட்டினம். நான் திருப்பிக் குடுக்க வேண்டின ஆக்களிலை முக்கால்வாசிப்பேர் இல்லை. வீடுகள்தான் இருக்கு. அந்த வீடுகளையும் நான் மறந்துபோனால், நான் வாங்கினதெல்லாம் களவெடுத்ததுபோல ஆகிப்போமெல்லோ?"

எமக்கு மறுமொழி கூற இயலவில்லை. கொழும்பில் யாராவது எமக்கு உபகாரம் செய்தால் உடனே ஒரு 'தாங்ஸ்' சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிடுவது எமது பழக்கம். அறுபது ஆண்டு ஒரு கணக்கைத் தீர்க்காமலே வைத்திருந்து, ஆண்டுக்கு ஒரு முறை இலையில் வட்டி கட்டுகிற முறையை நாம் அன்றுதான் கண்டோம். தீராமல் இருப்பதற்காகவே அவர் கொடுக்கிறாரோ என்றுகூடத் தோன்றியது.

எம்மவருள் மூத்த பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் பாடசாலைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, "பூட்டி, திருப்பிச் சொல்லுங்கோ, எழுதுறன்" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆச்சி ஒவ்வொரு வீடாகச் சொன்னார். எந்த ஒழுங்கை, எந்தப் படலை, என்ன காரணம் என்று எல்லாம். அவன் படமும் கீறிக்கொண்டான். பெருக்கமரத்தைத் தேவைக்கு மிகப் பெரிதாகக் கீறியிருந்தான். ஐந்தாவது வீட்டுக்கு வந்ததும் அவன் நிமிர்ந்து பார்த்தான். "காரணம் எழுதாதை. வீட்டை மட்டும் எழுது" என்றார் ஆச்சி.

பட்டிப்பொங்கலன்று பிற்பகல் பிள்ளைகளைத் தெற்கு வெளிக்கு அழைத்துச் சென்று குதிரைகளைக் காட்டினோம். மாரிவெள்ளம் தேங்கிய குட்டைகளின் ஓரத்தில் அவை கூட்டமாக மேய்ந்தன. மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை காலைப் படகில் நாம் மட்டும் திரும்பினோம். ஆச்சி ஒரு பை நிறையப் புழுக்கொடியலும் ஒரு போத்தல் நெய்யும் தந்து, "வைகாசி மட்டும் பொறுங்கோ. பதினைஞ்சாந் தேதி துறையிலை விளக்கு வைச்சுப்போட்டு வாறன்" என்றார். வெள்ளவத்தையிலும் ரொறன்ரோவிலும் அதை ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் வந்தார். வைகாசி முடிவில் இரண்டு பை, ஒரு உலக்கை சகிதம் படகேறினார். அந்த உலக்கையைப் புகையிரதத்தில் வைக்க நாம் பட்ட பாடு பெரிது. ஆவணியில் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று எமது தாயாரைப் பார்த்து, "உனக்கும் தலை நரைச்சுப்போச்சே" என்று வருந்தினார்.

மறு ஆண்டுத் தைப்பொங்கல் செவ்வாய்க்கிழமை. ஆச்சிக்குப் படகுப் பிரயாணம் கூடாதென்று வைத்தியர் தடுத்துவிட்டார். கொப்பியுடன் பையனும், துணைக்கு எம்மில் இருவரும் போனோம். ஆறாவது வீட்டுப் பெண் முற்றத்தை மெழுகி வைத்திருந்தாள். கோலம் கோணலாகத்தான் வந்தது, உலக்கை வெள்ளவத்தையில் இருந்ததே. ஏழு பங்கும் எடுத்தோம். பையன் முன்னே நடந்தான்.

வியாழக்கிழமை காலை வீடு வந்து சேர்ந்தபோது ஆச்சி மூன்றாம் மாடி வாசலிலேயே நின்றார். கடல் அடித்ததா என்று கேட்டார். பிறகு பையனைத் தன்பக்கம் இழுத்து, "வேலியிலை வைச்சதைக் காகம் எடுத்துதோ?" என்றார்.

"எடுத்தது பூட்டி. வைச்ச உடனை வந்தது."

"ஒண்டோ, கனக்கவோ?"

"முதல் ஒண்டு. பிறகு கூட்டமாய் வந்திட்டுது."

"வேலி நிக்குதோ?"

"மூண்டு கல்லு விழுந்து கிடந்தது. நான் எடுத்து வைச்சன்" என்றான் அவன். ஆச்சி அவன் உள்ளங்கைகளைத் திருப்பி, சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு அருகிற் பிடித்து, முருகைக்கல் கீறிய காயத்தைப் பார்த்தார். பின்னர் மஞ்சள் எடுத்துவர உள்ளே போனார்.